கிரீன் லேன் வீட்டுக்கு நான் சொன்ன குறை

வீடு நல்லாத்தான் இருக்கும்மா. நேத்து நீங்க போன்ல கேட்டப்ப "ரொம்பச் சின்னது"ன்னு சொன்னது வயித்தெரிச்சல்லதான். உங்க முட்டி வலி எப்படி இருக்கு? அப்பா மருந்து சாப்பிடுறாரா? நான் சௌக்கியம்.

ஞாயித்துக்கிழமை கோகிலன் அண்ணன் தான் வாங்கப் போற வீட்டப் பாக்க என்னையும் கூட்டிட்டுப் போனாரு. கிரீன் லேன்ல ஒரு பழைய பங்களாவ உடைச்சு, அதே நிலத்துல மூணு புது வீடு கட்டியிருக்காங்க, அதுல ஒண்ணு. வாசல் சின்னதுதான். ஆனா சமையக்கட்டே, ஜெலுத்தோங் பிளாட்ல நாங்க நாலு பேரு படுக்கிற ரூம விடப் பெருசு. அண்ணி மாடிப்படியில சும்மாவே ஏறி ஏறி இறங்குறாங்க. அண்ணன் படிச்சாரு, நான் பாதியில விட்டேன், சரிலா. அதுக்காக எல்லாமே அவருக்கா?

"எப்படிடா தம்பி?"ன்னாரு.

"தீபாவளிக்கு நாலு பேர் வந்தா வாசல்ல கூடாரம் போட்டு சாப்பாடு போட எடமில்லண்ணே. அம்மா பாத்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க."

சிரிச்சிட்டிருந்தவரு உடனே அண்ணியக் கீழ இறங்கி வரச் சொல்லிட்டாரு. இன்னிக்கு வீட்டு ஏஜண்டுகிட்ட வேணாம்னு சொல்லப் போறாராம். அதுலயும் எனக்குப் பொறாமைதான். உங்க பேரச் சொன்னதும் விட்டுட்டாரு. என் பேச்சுன்னா கேட்டிருப்பாரா?

அலமாரியில என் நீலக் கைலி இருக்கும், அனுப்புங்க. துவைக்க வேணாம், அப்படியே பார்சல்ல போடுங்க.

கீழ அண்ணன் ஹாரன் அடிக்கிறாரு. ஏஜண்டப் பாக்க என்னையும் துணைக்குக் கூப்பிட்டிருக்காரு. அங்க போய்ச் சேர்றதுக்குள்ள நீங்க அப்படி மூஞ்சியத் தூக்கவே மாட்டீங்க, அது என் வயித்தெரிச்சல்னு நான் சொல்லியாகணும். போறேம்மா.