தோற்றவர் பிடிக்க வேண்டிய கம்பம்

என் கூடப் பிறந்த சாமி, என் அண்ணே,

இந்த வருஷமும் அந்த அம்மாவுக்குப் பரிசு கொடுக்கவில்லை. நீ இருந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதைத்தான் கேட்பாய். அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், தொலைக்காட்சி நாடகங்களுக்குப் பரிசு கொடுக்கிற விழாவை டிவியில் காட்டினார்கள். சிறந்த நடிகை என்று சொல்லி, பட்டுப்புடவை கசங்காமல் அழுகிற அந்தப் பெண்ணை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் அழுகிறாளா, தலைவலியில் முகம் சுளிக்கிறாளா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நீ சொன்ன அம்மா கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாரா என்றுகூடக் காட்டவில்லை. வேலைக்காரி, பக்கத்து வீட்டுக்காரி, வாழாவெட்டி நாத்தனார் என்று வாரம் தவறாமல் வந்து போகிறவருக்கு ஒரு நாற்காலியாவது போட்டிருப்பார்களா?

என் ஆத்திரம் அந்த விழாக்காரர்கள் மேல் மட்டும் இல்லை அண்ணே. அவர்கள் யாரோ, எங்கேயோ மெட்ராஸில் இருக்கிறவர்கள். என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம். உனக்குத் தெரியாத கதை இல்லை. ஆனாலும் ஒரு தடவை முழுசாகச் சொல்லித் தீர்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அரியலூரில் எங்கள் தெருவுக்கு முதல் டிவி எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. என் வீட்டுக்காரர், அதான் உன் மாப்பிள்ளை, முந்திரி வியாபாரத்தில் நாலு காசு பார்த்த வருஷம் அது. மாடியில் நீளக் கம்பம் நட்டு, உச்சியில் ஆன்டெனா மாட்டி, கொடைக்கானல் டிவி டவர் பக்கம் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். கொஞ்சம் காற்று அடித்தால் போதும், கம்பம் திரும்பிக்கொள்ளும், படத்தில் புள்ளி புள்ளியாக விழும். யாராவது மாடியில் நின்று கம்பத்தைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அதற்குத்தான் அந்தப் பந்தயத்தைக் கண்டுபிடித்தார்கள். உன் மாப்பிள்ளை, அவர் கூட்டாளிகள் மண்டிக்காரர், வாத்தியார் மூன்று பேரும் விழாவுக்கு முன்னால் யார் யாருக்கு எந்தப் பரிசு என்று சொல்ல வேண்டும். அதிகம் தப்பாகச் சொன்னவர் அடுத்த விழா வரைக்கும் கம்பம் பிடிக்க வேண்டும். அவருக்குக் கம்பக்காரர் என்று பட்டம். செவ்வாய்க்கிழமை உன் சைக்கிள் கடைக்கு லீவு என்பதால் செந்துறையிலிருந்து பஸ் ஏறி என்னைப் பார்க்க வருவாய். செவ்வாய்க்கிழமைதான் நாடகமும். முதல் வருஷம் விழாவுக்கு முந்தின செவ்வாய், "மச்சான், நீங்களும் சொல்லுங்க" என்று உன் மாப்பிள்ளை உன்னையும் இழுத்துவிட்டார். டிவியையே அதுவரை நாலைந்து தடவைதான் பார்த்திருப்பாய். அப்புறம் தோற்காமல் என்ன செய்வாய்?

அதற்கப்புறம் நீ நாடகம் பார்த்தாயா? ஒரு நாடகமாவது? பெயர் போடும்போதே, "மச்சான், கொஞ்சம் ஏறுங்களேன்" என்பார்கள். மரியாதை எல்லாம் அந்த 'ங்க'வில் இருந்தது, நீ மாடியில் இருந்தாய். ஊதல் காற்றில் துண்டைக் காதோடு சுற்றிக்கொண்டு, "தெரியுதா மாப்ள?" என்று கேட்டுக்கொண்டே நிற்பாய். கீழே இருக்கிறவர்கள் படம் நன்றாக வந்த பிறகும் பதில் சொல்ல மாட்டார்கள். நாடகத்தில் அவ்வளவு ஆழ்ந்துவிடுவார்களாம். நான்தான் அடுப்படி ஜன்னலில் இருந்து, "வந்துடுச்சுண்ணே, நல்லா தெரியுது" என்று கத்துவேன். கையை எடுத்தால் மறுபடியும் திரும்பிவிடும் என்று நீ அங்கேயே நிற்பாய்.

கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டு, அடுத்த வருஷமும் நீ பெயர் சொன்னாய். நல்ல குரல் என்று நீ சொன்ன ஆள் நடிகரே இல்லை, நாடகத்துக்கு முன்னால் வந்து அறிவிப்புச் சொல்கிறவர். மண்டிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு அதைச் சொன்னார். திரையையே காட்டாமல் மாடியில் நிற்க வைத்துவிட்டு, ஆள் தெரியவில்லையே என்று சிரிக்கிறவர்களை என்னவென்று சொல்வது?

அந்த அம்மாவையும் நீ அப்படித்தான் கண்டுபிடித்தாய். "மூஞ்சியப் பாத்தா ஏமாந்துருவோம் செல்வி. மத்தவங்க பேசுனா மேலேர்ந்து கேக்குறப்ப நாடகம்னு தெரியுது. அந்தம்மா பேசுனா நம்ம தெருவுல யாரோ பேசுறாங்கன்னு எட்டிப் பாத்துட்டேன்" என்றாய். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் அவர் பெயரையே சொன்னாய், ஒவ்வொரு வருஷமும் தோற்றாய். கடைசித் தடவை வாத்தியாரும் உன் அளவுக்குத்தான் தப்பாகச் சொல்லியிருந்தார். நியாயமாக இரண்டு பேரும் மாறி மாறி ஏற வேண்டும். "வாத்தியார் வேட்டி கட்டிக்கிட்டு எப்படி ஏறுவாரு" என்றார்கள். நீ என்ன கால்சட்டையா போட்டிருந்தாய்? நீயும் வேட்டிதானே கட்டியிருந்தாய்?

அன்றைக்கு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தெருமுனை வரைக்கும் உன் பின்னாலேயே வந்து கேட்டேன். "உனக்கு ரோஷமே கிடையாதாண்ணே?" நீ சட்டையில் ஒட்டியிருந்த துருவைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னாய். "நான் ரோஷப்பட்டுட்டு பஸ் ஏறிப் போயிடுவேன். நீதானே இந்த வூட்டுல இருந்து பதில் சொல்லணும். போடி, போயி வேலையப் பாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்புறம் நீ போய்விட்டாய். கடையில் டியூப்புக்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம், அவ்வளவுதான் என்றார்கள். உன் கருமாதிக்கு எங்கள் வீட்டிலிருந்து எல்லாரும் செந்துறைக்கு வந்தார்கள். இலையில் சாப்பிட்டுக் கை கழுவும்போது மண்டிக்காரர் சொன்னார், "இனிமே கம்பத்துக்கு வேற ஆளு பாக்கணுமேப்பா." உன் மாப்பிள்ளை சிரித்தார். துக்க வீட்டில், உன் படத்துக்குப் போட்ட மாலை வாடுவதற்குள் சிரித்தார். அண்ணி காதில் அது விழுந்தது. நான் பார்த்தேன். அன்றிலிருந்து அண்ணி எங்கள் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. பொங்கலுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. உன்னோடு என் பிறந்த வீடும் போய்விடுமோ என்று அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

அதனால்தான் இந்த வருஷம் பந்தயம் பேச அவர்கள் உட்கார்ந்தபோது காபியை வைத்துவிட்டு நான் போகவில்லை. "நானும் சொல்றேங்க" என்றேன். வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள். நீ சொல்லியிருந்தால் என்னென்ன பெயர் சொல்லியிருப்பாயோ அவ்வளவையும் சொன்னேன். சிறந்த நடிகைக்கு அந்த அம்மா என்றேன். "அண்ணனுக்கேத்த தங்கச்சி" என்று வாத்தியார் சிரித்தார். தோற்பேன் என்று தெரிந்துதான் சொன்னேன். ஆனாலும் விழா நடக்கும்போது ஒரு நிமிஷம், அவர் பெயரைச் சொல்லிவிட மாட்டார்களா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது நிஜம். சொல்லவில்லை. நான் சொன்னதில் ஒன்றுகூடச் சரியில்லை.

செவ்வாய்க்கிழமை நாடகம் ஆரம்பித்ததும் காற்று கிளம்பியது. படம் நெளிந்தது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியை எடுத்துப் போட்டேன்.

"எங்கடி போற?" என்றார் உன் மாப்பிள்ளை.

"நான்தானே தோத்தேன்."

"அது சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதுடி."

"வெளையாட்டுன்னா எங்க அண்ணன் எதுக்கு ஏறுச்சு?"

வாத்தியாருக்குத் திடீரென்று வீட்டில் வேலை ஞாபகம் வந்துவிட்டது. நான் ஏறிவிட்டேன். இரும்புக் கம்பம் சில்லென்று இருந்தது. இழுத்துப் பிடித்தால் உள்ளங்கை எரிகிறது, விட்டால் திரும்பிக்கொள்கிறது. இதைப் பிடித்துக்கொண்டா அவ்வளவு நேரம் நின்றாய்? எதிர் வீட்டு அக்கா வெளியே வந்து பார்த்தார். பெட்டிக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உன் மாப்பிள்ளை ஏணிக்குக் கீழே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"எறங்குடி. தெருவே பாக்குது."

"அப்பவும் தெரு பாத்துச்சுங்க."

நான் இறங்கவில்லை. கீழேயிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது. யாருக்கோ சோறு போட்டு, இன்னும் கொஞ்சம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். நீ சொன்னது சரிதான் அண்ணே, நானும் எட்டிப் பார்த்தேன். அதற்குள் உன் மாப்பிள்ளை உள்ளே போய் டிவியை அணைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் ரேடியோ ரிப்பேர்க்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த ஆள் கம்பத்தை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். சுவரில் இரண்டு பட்டை அடித்துக் கம்பத்தை இறுக்கினார். மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினார். நான் அவருக்கு மோர் கலக்கிக்கொண்டு மேலே போவதற்குள் வேலை முடிந்துவிட்டது. "இனி புயலடிச்சாலும் திரும்பாதுங்க" என்றார். அன்றிலிருந்து திரும்பவே இல்லை.

அவ்வளவுதான் வேலை அண்ணே. உன்னைப் பனியிலும் காற்றிலும் நிறுத்தியதற்குப் பதில், ஒரு காலை நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. பெண்டாட்டி ஏறினால் மறுநாளே ஆள் வருகிறார், பெண்டாட்டியின் அண்ணன் ஏறினால் அத்தனை வருஷமும் யாருக்கும் தோன்றவில்லை. நீ சும்மா கிடைத்தாய், அதனால் உன்னை வைத்தே கட்டிக்கொண்டார்கள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்த மாடியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இறங்கி வந்து உன் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். "நீங்களே செந்துறைக்குப் போயி எங்க அண்ணிகிட்ட பேசிக் கூட்டிட்டு வாங்க. கருமாதியில சிரிச்சதுக்கு அவங்ககிட்ட பதில் சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் இந்த டிவிக்கு முன்னாடி யாருக்கும் காபி கிடையாது." இன்னும் போகவில்லை. போவார். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறார், பஸ் நேரமும் கேட்டுக்கொண்டார். மண்டிக்காரர் இந்தப் பக்கமே காணோம்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அண்ணே. அண்ணி வந்தால் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்துதான் நாடகம் பார்ப்பார், கண்ணாலும் பார்ப்பார், காதாலும் கேட்பார். எனக்காக நீ விழுங்கின ரோஷத்தை எல்லாம் இனி நான் படுவேன். இந்த வீட்டில் இருந்துகொண்டேதான் படுவேன். பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த ரோஷக்காரி,
உன் தங்கச்சி செல்வி