இடது ஓரத்து யானை

அக்கா,

இன்று காலை பீரோவின் மேல்தட்டைத் துடைக்கும்போது அந்த ரெக்சின் செஸ் விரிப்பு கைக்கு வந்தது. பிரித்ததும் டீக்கறை தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடம் ஆகிவிட்டது. 

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் நாம். மாடியில் நீங்கள், கீழே நான். சமையல் தனித்தனியானபின் முகம் கொடுத்துப் பேசாமலிருந்த நம்மை எதிரெதிரே உட்கார வைத்தது, உங்கள் மகள் போனில் பார்த்துச் சொல்லித்தந்த தலைகீழ் செஸ். தன் காய்களையெல்லாம் முதலில் பறிகொடுப்பவருக்கே வெற்றி. வெட்ட வழியிருந்தால் வெட்டியே ஆகவேண்டும். ராஜாவும் அதில் சும்மா ஒரு காய்தான்.

மதியம் சாப்பிட வந்த நம் வீட்டுக்காரர்கள் நம் பட்டுக்கடைக்குத் திரும்பியதும் விரிப்பு விரியும். நான் ராணியைப் பொத்திப் பொத்தி வைப்பேன். “அத்த வச்சிகினு இன்னாடி பண்ணப் போற? எட்டுப் பக்கமும் தின்னுகினே இருக்கும். மொதல்ல அத்தத் தொல” என்பீர்கள். கடைசியில் ஆளுக்கொரு குதிரை மிஞ்சினால், கட்டங்களின் நிறத்தைத்தான் பார்ப்பீர்கள். இரண்டும் ஒரே நிறத்தில் நின்று, நகர்த்தும் முறை உங்களுடையதானால், அதன்பிறகு நான் ஜெயிக்க வழியே கிடையாது. எப்படியோ ஆட்டத்தை அந்த இடத்துக்கே கொண்டுவருவீர்கள்.

அன்று மட்டும் என் கை ஓங்கியிருந்தது. உங்களிடம் யானையும் குதிரையும். என்னிடம் குதிரையும் சிப்பாயும். உங்கள் இடது ஓரத்தில் யானை, அதே கோட்டில் நேர் எதிரே என் சிப்பாய். நடுவில் ஒன்றுமில்லை. நீங்களோ வலப்பக்கம் இருந்த குதிரையைத் தூக்கினீர்கள்.

“அக்கா, யானையால வெட்டணும்.”

“எந்த யானை?”

“ஓரத்துல நிக்குதே.”

அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். “அங்க ஒண்ணுமே இல்லயேடி.”

எனக்குக் கோபம் வந்தது. ஒருநாள் ஜெயிக்கப்போகிறேன், அதுகூடப் பொறுக்கவில்லையா? “அழுவுணி ஆட்டம் ஆடாதீங்கக்கா. தோக்கப் போறோம்னு தெரிஞ்சா இப்படியா?” சமையல் பிரிந்த நாளின் கதையையும் இழுத்தேன். பத்து நிமிடம் போயிருக்கும். நீங்கள் இடது கையால் டீ டம்ளரை எடுத்தீர்கள். அது சாய்ந்தது. டீ விரிப்பிலும் உங்கள் மடியிலும் கொட்டியது. நீங்கள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுத் தறிகள் நின்றன. அவர்கள்தான் காரை வரவழைத்தார்கள். வேலூர் போகும் வழியில் கண்ணமங்கலம் தாண்டும்போது என் மடியில் கிடந்தபடி குழறிக்குழறிச் சொன்னீர்கள். “ஆட்டத்தக் கலச்சிடாதடி. நான்தான் ஜெயிச்சிகினு இருந்தேன்.”

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்கள் இரண்டு கையையும் தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் பத்து எண்ணினார்; இடது கை பாதியிலேயே சரிந்தது. என்னிடம் கேட்டார்: “பக்கவாதம். எப்பலேர்ந்து இப்படி? கரெக்டா சொல்லுங்கம்மா, அத வச்சிதான் ரத்தக்கட்டியக் கரைக்கற ஊசி போடணும்.”

டீ கொட்டியதிலிருந்து என்று சொல்ல வாயெடுத்தேன். சட்டென்று முழு ஆட்டமும் கண்ணில் ஓடியது. கடைசி ஏழெட்டு நகர்த்தலில் நீங்கள் இடப்பக்கத்துக் காய் எதையும் தொடவேயில்லை. பறிகொடுக்க அங்கே எத்தனை வாய்ப்பு! நீங்கள் தவறவிட்டதாக நினைத்து நான் உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன். அந்தப் பாதி விரிப்பே உங்களுக்கு இல்லாமல் போயிருந்தது. உங்கள் கண்ணில் மிஞ்சியது ஆளுக்கொரு குதிரைதான்.

“டீ கொட்டறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாலேர்ந்தே” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டீர்கள். என்மேல் தப்பில்லை என்று உங்கள் மகள் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். அந்தப் பத்து நிமிடத்தில் நான் என்னென்ன பேசினேன் என்று அவளிடம் இதுவரை சொன்னதில்லை. உங்களிடமாவது மன்னிப்புக் கேட்கிறேன், அக்கா.

போன வாரம் நம் கடையில் புடவை மடிக்கும் பெண், இடப்பக்கம் இருந்த ஒரு புடவைக்கட்டை விட்டுவிட்டு எண்ணினாள்.  “ரெண்டு கையையும் தூக்கு” என்றேன்.

“இன்னாக்கா ஆச்சு உங்களுக்கு?” என்று சிரித்துக்கொண்டே தூக்கினாள். இரண்டும் சமமாகத்தான் நின்றன. ஆனாலும் மனதுக்குள் பத்து எண்ணி முடித்தபிறகே இறக்கச் சொன்னேன்.