மாமனாரின் நிலவறையில் இரண்டு பாம்புகள்

நவம்பர் 9

இன்று என் மனைவி ஹெட்விகா அளவு நாடாவோடு சின்ன அறைக்குள் போனாள். பாம்புகள் இருக்கும் அறை. கட்டில் இந்தப் பக்கம், அலமாரி அந்தப் பக்கம் என்று, கண்ணாடித் தொட்டிகள் இரண்டும் அங்கே இல்லாதது போலவே அளந்தாள். அடுத்த இலையுதிர் காலத்தில் அவள் அப்பா கிராமத்து வீட்டை விட்டுவிட்டு எங்களோடு பிர்னோ நகரத்தில் இருக்கப் போகிறார் என்று முடிவாகியிருக்கிறது. முடிவு செய்தவள் அவள். அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"சொல்லிட்டேன். பார்ப்போம்னார்."

"பாம்பு?"

"அப்பாவும் பாம்பும் ஒரே ரூம்ல இருக்க முடியாது, லூபோர்."

நியாயம்தான். ஒரே ஒரு தடவை குஞ்சு பொரிப்பதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறேன் என்றேன். ஐம்பத்து நான்கு வயது ஆண்பிள்ளை குரல் தழுதழுக்கக் கேட்கிற விஷயமா இது? கேட்டேன். ஒரு கோடைக்காலம் கொடுத்திருக்கிறாள்.

நவம்பர் 10

பாம்பு வளர்ப்போர் கிளப்பில் ஸீட்டாவைப் பிடித்தேன். வீடு முழுக்கப் பாம்பு வைத்திருப்பவள். கணவன் மட்டும் நிற்கவில்லை.

என் ஆண் பாம்பு ரூடாவும் பெண் பாம்பு ஒலிம்பியாவும் மூன்று வருடமாகப் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் இருக்கிறார்கள். போன வசந்தத்தில் ஒன்றாக விட்டேன். ஆளுக்கொரு மூலையில் படுத்துக்கொண்டார்கள். இதைச் சொன்னேன்.

"குளிர்ல தூங்க வெச்சியா?"

"இல்லையே."

"வருஷம் பூரா ஒரே வெயில்னா அதுங்களுக்கு என்ன அவசரம்? ரெண்டு மூணு மாசம் நல்லா குளிரட்டும். அப்புறம் பாரு."

ஏறாமல் இறங்காமல், உறையவும் விடாமல் ஒரே சீரான குளிர் வேண்டுமாம். எங்கள் அடுக்குமாடியில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை அணைக்கவே முடியாது. ஜனவரியிலும் நானும் ஹெட்விகாவும் பனியனோடு டிவி பார்க்கிறோம். எங்கள் வீட்டில் யாருக்குமே அவசரம் இல்லாததற்குக் காரணம் இதுதானோ?

நவம்பர் 11

மார்ட்டின் திருநாள். மாமனார் வீட்டில் வாத்து வறுவல், சிவப்பு முட்டைக்கோஸ், இந்த வருடத்துப் புது ஒயின். ஒயின் எடுக்க அவரோடு நிலவறைக்குள் இறங்கினேன். பாதிப் படியிலேயே கன்னத்தில் அந்தக் குளிர் பட்டது. கோடையானாலும் பனியானாலும் மாறாத குளிர். இருபத்தைந்து வருடமாக இந்தப் படியில் இறங்குகிறேன், இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"என்ன மாப்ளே, ஒயின விட்டுட்டுச் சுவத்துல தெர்மாமீட்டரப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல மாமா. அருமையா இருக்கு."

"இன்னும் வாயிலயே வைக்கலியே நீ?"

நவம்பர் 30

செய்துவிட்டேன். வயிறு காலியாகும் வரை பட்டினி போட்டு, ஆளுக்கொரு பிளாஸ்டிக் பெட்டியில் காய்ந்த இலையும் தண்ணீர்க் கிண்ணமும் வைத்து, மூடியில் துளையிட்டு, நிலவறையின் கடைசியில் பழைய பீப்பாய்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மாமனாருக்கு முழங்கால் வலி, அவ்வளவு தூரம் போகமாட்டார். ஹெட்விகாவிடம் ஸீட்டா வீட்டில் விட்டிருக்கிறேன் என்று சொன்னேன்.

யாருக்காகப் பாம்புகளின் அறையைக் காலி பண்ண வேண்டுமோ, அவருடைய நிலவறையிலேயே அவற்றைக் குடிவைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது.

யாரும் தொடக்கூடாதே என்று பெட்டிகள் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்: "கிறிஸ்துமஸ் அலங்காரம்".

டிசம்பர் 23

காலையில் மாமனார் போன்.

"மாப்ளே, உன் கிறிஸ்துமஸ் தோரணம் நெளியுது."

டிசம்பரில், கிறிஸ்துமஸ் அலங்காரம் என்று எழுதி! டிராம் வண்டிகளுக்கு நேர அட்டவணை போடுகிறவன் நான். எந்த வண்டி எப்போது எங்கே வரும் என்று யோசிப்பதற்குத்தான் சம்பளம். முட்டாள்! மரத்தில் தொங்கவிட ஏதாவது இருக்குமென்று மனிதர் முழங்கால் வலியோடு பீப்பாயைத் தாண்டிப் போயிருக்கிறார்.

"விறைச்சுப் போயிருந்துச்சு. செத்துருச்சுன்னு நெனச்சேன். மேல தூக்கிட்டு வந்து அடுப்புப் பக்கத்துல வெச்சேன், நாக்க நீட்டுது. ஒண்ணுக்கொண்ணு சூடா இருக்கட்டும்னு ஒரே பெட்டில போட்டுட்டேன். குளிக்கிற தொட்டில நாளைக்கு விருந்துக்குச் சமைக்க உசிரோட கெண்ட மீன் கெடக்கு, இல்லன்னா அதுல விட்டிருப்பேன்."

"மாமா, உங்களுக்குப் பயமா இல்லையா?"

"அதுங்கள அங்க போட்டவன நெனச்சாத்தான் பயமா இருக்கு."

ஸீட்டாவைக் கூப்பிட்டேன். சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. ஒரு நாள் சூட்டில் ஒன்றும் ஆகாது, மெதுவாகத் திரும்ப இறக்கு என்றாள்.

டிசம்பர் 24

ஹெட்விகாவிடம் காரிலேயே சொல்லிவிட்டேன். மடியில் உருளைக்கிழங்கு சாலட் பாத்திரம் இருந்ததால் அடிக்கவில்லை.

போய்ச் சேர்ந்ததும் பெட்டிகளை உடனே எடுத்துப்போகச் சொன்னாள். ஆனால் மாமனார் விடவில்லை. "என் வீடு, என் நிலவறை. இருந்துட்டுப் போகட்டும்" என்றார். திரும்பக் குளிரில்தான் வைக்க வேண்டும் என்பதை அவருக்குப் புரியவைப்பதற்குள் மீன் சூப் ஆறிவிட்டது. "ஆசை வரணும்னா பட்டினி, இருட்டு, குளிர். நல்ல ஏற்பாடுடா இது" என்று ஒலிம்பியாவைப் பரிதாபமாகப் பார்த்தார்.

ஜனவரி 19

தினமும் போன் செய்கிறார். அத்தை இறந்து இரண்டு வருடத்தில் எங்களை இத்தனை தடவை கூப்பிட்டதில்லை. "தூங்குறாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்.

மார்ச் 22

மேலே கொண்டுவந்து, சூடேற்றி, எலி கொடுத்தாகிவிட்டது. பிர்னோவுக்கு எடுத்துப்போக மாமனார் விடவில்லை. "இங்க தூங்குனாங்க, இங்கயே ஆகட்டும்."

ஆகவில்லை. பிர்னோவிலிருந்து கொண்டுவந்த ஒலிம்பியாவின் தொட்டியில் ரூடாவை விட்டேன். அவன் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால் தலையை நுழைத்துக்கொண்டான். திரைச்சீலையை இழுத்தேன். ரேடியோவை அணைத்தேன். காலணியைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் நடந்தேன். எங்கள் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு மெனக்கெட்டதில்லை என்று ஹெட்விகா வாசற்படியில் நின்று சொன்னாள். உண்மை.

ஏப்ரல் 6

ஒலிம்பியா தோல் உரித்துவிட்டாள். இதுதான் சமயம் என்று ஸீட்டா சொல்லியிருந்தாள். வெளியே நல்ல மழை. ரூடாவை விட்டேன். தலையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான், அப்புறம் என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

மாமனார் என் சட்டைக் காலரைப் பிடித்தார். "நீ இப்படி மூஞ்சிய ஒட்டவெச்சுட்டு நின்னா எவனுக்குத்தான் முடியும்? வா கீழ."

ஆளுக்கு இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு ஏறிவந்தோம். வால்கள் இரண்டும் பின்னிக் கிடந்தன! மாமனார் தொப்பியைக் கழற்றினார். அவர் மாதாகோவிலில் மட்டும்தான் கழற்றுவார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொன்னால் சிரிப்பார்கள்.

ஏப்ரல் 28

சிரிப்பெல்லாம் போயிற்று.

எந்த மேசை கொண்டுவரலாம், எதை விற்கலாம் என்று பேச ஹெட்விகா இன்று அப்பாவிடம் வந்தாள். அவர் ரொட்டிக்குப் பன்றிக் கொழுப்புத் தடவிக்கொண்டே சொன்னார்:

"நான் வரலம்மா. வாயும் வயிறுமா இருக்கிறவள விட்டுட்டு எப்படி வர்றது?"

"யாரு வாயும் வயிறுமா?"

"ஒலிம்பியா."

"அது முட்டை போட்டதும்?"

"முட்டைய யாரு பாத்துப்பா? அப்புறம் குஞ்சு. அப்புறம் திராட்ச அறுப்பு. அப்புறம் அதுங்களத் தூங்க வைக்கணும்."

கிழவர் கெட்டிக்காரர். நவம்பரிலிருந்து "பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதைப் பெட்டியில் போட்டு, எழுதி ஒட்டி, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

திரும்பும் வழியில், பிர்னோ விளக்குகள் தெரிந்த பிறகு சொன்னாள். "ஒருநாள் அந்தப் படியில விழுந்து கெடப்பார். அம்மா மாதிரி. நாம ஞாயித்துக்கிழமை போய்த்தான் பாப்போம். உனக்குப் பாம்பு விளையாட்டு."

அவள் பக்கம் திரும்பாமல் வண்டியை ஓட்டினேன்.

மே 31

முட்டை! ஈரப் பாசியில் வெள்ளையாக, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு திராட்சைக் குலை அளவுக்கு. நான்தான் அப்பா ஆனதுபோல் கிளப்பில் எல்லோருக்கும் போன் செய்தேன். ஹெட்விகாவிடமும் சொன்னேன். "நல்லது" என்றாள். அழுக்குத் துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

முட்டையைப் புரட்டினாலோ குலுக்கினாலோ உள்ளே இருப்பது செத்துவிடும், வண்டியில் ஏற்ற முடியாது. தெர்மாகோல் பெட்டியில் சூடு பொருத்தி அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். இனி நான் வாரக்கடைசி விருந்தாளி.

ஜூன் 14

ஹெட்விகா தானாக அப்பாவைக் கூப்பிடுவதில்லை. அவர் கூப்பிட்டால் போனை என்னிடம் நீட்டுகிறாள்.

ஜூன் 29

இன்றும் நீட்டினாள். "அவ நல்லாருக்காளா?" என்று அவர் கேட்டார். நல்லா இருக்கா மாமா என்றேன். அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள், பட்டாணி உரித்துக்கொண்டு. நான் விரும்பியது கொஞ்சம் குஞ்சுகள், அவ்வளவுதான். ஒரு வீட்டை இப்படி இரண்டாக்கவா கேட்டேன்?

ஜூலை 12

குரோஷியாவில் கடலோர அறை பிடித்துவிட்டாள். குஞ்சு பொரிக்க வேண்டிய அதே வாரம். தெரிந்துதான் செய்திருக்கிறாள்.

"நீ வர்றியா, முட்டைகிட்ட உக்காந்திருக்கியா? எதுன்னாலும் சொல்லிடு. எனக்கு ஒண்ணுமில்ல."

ஒண்ணுமில்ல என்று அவள் சொன்ன விதம்தான் என்னைப் பயமுறுத்தியது. வருகிறேன் என்றேன். மூன்று வருடமாகக் காத்திருந்த ஒரே காட்சி. சரி, போகட்டும். போகட்டுமா? போகட்டும்.

மாமனாரிடம் சொன்னபோது, "போய்ட்டு வா. அவளத் தனியா அனுப்பாத" என்றார்.

ஜூலை 28

வழக்கம்போல இரண்டு நாளைக்கு ஆகும்படி கட்லட் பொரித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். எல்லை வரைக்கும் வானொலி மட்டும் பேசியது.

ஜூலை 29

மத்தியானம். கடற்கரைக் கூழாங்கல்லில் உட்கார்ந்து கடைசி கட்லட்டைத் தின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. மாமனார். நிலவறைக்குள் பேசுகிற பழக்கத்தில் எப்போதும் கத்துவார், இன்று கிசுகிசுத்தார். சரியாகக் காதில் விழாததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாப்ளே, ஒண்ணு முட்டையக் கிழிச்சுட்டு மூக்க வெளிய வெச்சிருக்கு. வெளியவும் வரல, உள்ளயும் போகல. என்னையே பாக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ணாதீங்க மாமா. அதுவா வரும்."

"இன்னொண்ணும் கிழிக்குது. ரெண்டு... ஏய், பொறு பொறு." அப்புறம் குரலை இன்னும் இறக்கினார். "உங்க அத்தை இதப் பாத்தா என்னைய வீட்ட விட்டே துரத்தியிருப்பா. இப்ப துரத்தவும் யாருமில்ல. தனியா நின்னு பாத்துட்டு இருக்கேன்டா."

ஹெட்விகா எப்போது தண்ணீரிலிருந்து ஏறிவந்தாள் என்று தெரியாது, தலையிலிருந்து நீர் சொட்ட என் பின்னால் நின்றிருந்தாள். கையை நீட்டினாள். கொடுத்தேன்.

"அப்பா, நான்தான். எங்க நிக்கிறீங்க, கீழயா மேலயா? ... அப்ப ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்க. உக்காந்தாச்சா? இப்ப சொல்லுங்க, என்ன கலரு?"

பேசிக்கொண்டே ஓரமாக நடக்க ஆரம்பித்தாள். நான் இங்கே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவள் கடற்கரையின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பி, மறுபடியும் போய்க்கொண்டிருக்கிறாள். ஒரு தடவை சிரித்தாள், ஒரு தடவை முகத்தைத் துடைத்தாள். என் பாம்புக்கு எத்தனை குஞ்சு என்று எனக்கு இன்னும் தெரியாது. போய்க் கேட்கலாம். கேட்கப் போவதில்லை.