பெயரில்லாத பட்டன்கள்

என் உயிரான ஃபிலோ அக்காவுக்கு,

உன்னைக் கடையிலிருந்து வெளியே அனுப்பியது நான் போட்ட மொபைல் ஆப்தான். நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. வீட்டில் யாரும் இதை என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அதனால் எல்லோரும் படிக்க நானே எழுதுகிறேன்.

சர்க்கரை நோய் உன் பார்வையைக் கொண்டுபோன பிறகும் நம் முதலியார்பேட்டைக் கடையில் ஆர்டர் எடுத்தது நீதான். மைதா, ஈஸ்ட், வெண்ணெய் என்று பேக்கரிக்காரர்கள் போனில் கேட்பதை, திரையைப் படித்துச் சொல்லும் குரலை வைத்துக் கம்ப்யூட்டரில் நீயே ஏற்றுவாய். ஒரு மூட்டை மாறிப் போனதில்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. பேக்கரி மாஸ்டர்கள் பலருக்குப் படிக்க வராது. அவர்களே போனில் தொட்டு வாங்கட்டும். ஆப்பில் எழுத்தே இல்லாமல் எல்லாவற்றையும் படமாகவே வைக்கச் சொன்னேன். வியாபாரம் கூடியது, பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிவிட்டேன். போனில் வரும் ஆர்டரை நீயும் அந்த ஆப்பில்தான் ஏற்ற வேண்டும் என்றானது. உன் போனில் நீ தொட்ட இடத்திலெல்லாம் அந்தக் குரல் “பெயரில்லாத பட்டன்” என்றது.

“என்னடா அந்தோணி, ஒண்ணுக்குக்கூட ஞானஸ்நானம் குடுக்கலியா?” என்று சிரித்தாய்.

“அடுத்த மாசம் சரி பண்ணிடலாங்க்கா” என்றேன். எத்தனை அடுத்த மாதம்?

நீ காத்திருக்கவில்லை. ஈஸ்ட் எத்தனையாவது, வெண்ணெய் எத்தனையாவது என்று எண்ணி மனப்பாடம் செய்துகொண்டாய். கிறிஸ்துமஸ் சமயம் உன்னிடம் சொல்லாமல் ஒரு சலுகைப் படத்தை மேலே ஏற்றினேன். எல்லாமே ஓர் இடம் தள்ளிப்போயின. டூட்டி ஃப்ரூட்டி கேட்ட நோணாங்குப்பம் பேக்கரியில் ஈஸ்ட் போய் இறங்கியது.

ஆட்கள் முன்னால் கத்தினேன். “முடியலன்னா வுட்டுடேன்க்கா! யாரு உன்னப் பண்ணச் சொன்னா?”

“சரிடா. வுட்டுட்டேன்.”

மறுநாள் நீ வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. தவக்காலம் முடிவதற்குள் நெஞ்சுவலியில் போய்விட்டாய். சர்க்கரைதான் காரணம் என்றார் டாக்டர். அது மட்டும்தானா, அக்கா?

போன வாரம் உன் போனை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, என் கடையிலேயே ஒரு கிலோ வெண்ணெய் வாங்கப் பார்த்தேன். முடியவில்லை. ஆப் செய்தவரை வரச் சொன்னேன்.

“படமும் இருக்கணும், பேரும் காதுல கேக்கணும். எவ்ளோ நாளாவும்?”

“படத்துக்குப் பின்னாடி பேரு சேக்கறதுதான சார். ரெண்டு நாள் வேல.”

“அப்ப ஏன்யா மொதல்லயே பண்ணல?”

“நீங்க கேக்கவே இல்லியே சார்.”

பேரம் பேசாமல் ஓர் ஊசிகூட வாங்காத நான், அவர் கேட்ட தொகைக்கு அப்படியே சரி என்றேன்.

கோயில் பாடற்குழுவில் உன் பக்கத்தில் நின்று பாடுவாளே ஜெயா, அவளுக்கும் பார்வை இல்லையே, ஆப்பைச் சோதித்துத் தர அவளைக் கேட்டேன். “சும்மால்லாம் சோதிச்சுப் பாக்க மாட்டேண்ணே. கூலி பேசுங்க. அக்காகிட்ட கத்துன மாதிரி எங்கிட்ட கத்துனீங்கன்னா, திருப்பிக் கத்துவேன்” என்றாள். நீயும் திருப்பிக் கத்தியிருக்கலாம்.

இனி நம் கடையில் யாரையும் இப்படி வெளியே தள்ள மாட்டேன். வெறும் வாக்கை நீ நம்ப மாட்டாய், எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஜெயாவுக்கு நாளுக்கு ஆயிரம் ரூபாய். ஆப்காரருக்குப் பாதி முன்பணம். ஜெயா யார் துணையும் இல்லாமல் ஓர் ஆர்டரைப் போட்டு முடித்தால்தான் மீதி. எந்தப் புது மாற்றமும் முதலில் அவள் கைக்குப் போக வேண்டும். அவள் வேண்டாம் என்றால், நானே சொன்னாலும் ஏற்றக் கூடாது.

உன் தம்பி,
அந்தோணி