வேரில்லாத பல்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக்கூட இன்று எனக்கு வாய் வரவில்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன். உன் மகளின் பல்லை நான் உடைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, என்னிடம் தைக்க வந்த கோட்டுத் துணியை உன் வாலு கத்தரித்துப் பொம்மைக்குப் போர்த்தியிருந்தாள். ஆத்திரத்தில் கன்னத்தில் ஒன்று விட்டேன். அழவில்லை, என்னையே பார்த்தாள். மறுநாள் காலை ரொட்டியைக் கடித்தவள், "மாமா, கல்லு" என்று துப்பினாள். பார்த்தால் கீழ்வரிசை முன்பல். வாயெல்லாம் ரத்தம். பல் விழ ஏழு வயதாக வேண்டாமா? இவளுக்கு ஐந்து முடிந்து மூன்று மாதம்தானே ஆகிறது! என் கைதான் அக்கா காரணம். அந்தக் கையால் அதற்குப் பிறகு கத்தரிக்கோலைத் தொடவே இல்லை.

உன் தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

படித்ததும் பட்டறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாள் முழுக்க ஊருக்கெல்லாம் பல்செட் செய்கிறேன், என் பிள்ளையின் பல்லை நீ தட்டியிருக்கிறாய். தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை என்று உன்னை நம்பித்தானே விட்டுவிட்டு, பிழைப்புக்காக இவ்வளவு தூரம் வந்தேன்? இனி அவளைத் தொடாதே. என் நாத்தனாருக்கு எழுதிவிட்டேன். அடுத்த மாதக் கடைசியில் வந்து கூட்டிப்போவாள். உடுப்புகளை எடுத்து வை.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னது சரி. உடுப்புகளை மடித்து வைத்துவிட்டேன். மீதித் துணியில் பொம்மைக்கும் ஒரு கோட்டு தைத்தேன், அதையும் எடுத்துப்போகட்டும். அத்தை வீட்டுக்குப் போகிறாய் என்றேன். "அங்க மெஷின் சத்தம் கேட்குமா மாமா? அது இல்லாம எனக்குத் தூக்கம் வராதே" என்றாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

இத்துடன் அந்தப் பல். அவள்தான் அனுப்பச் சொன்னாள். "அம்மாதான் பல்லு செய்யறாங்கல்ல, ஒட்டிக் குடுப்பாங்க" என்கிறாள்.

தம்பி


ஏப்ரல் 5

அன்புத் தம்பிக்கு,

உறையைப் பிரித்ததும் பல் மேஜையில் விழுந்தது. திருப்பிப் பார்த்தவள் திகைத்துப்போனேன். அதற்கு வேரே இல்லை. அடிபட்டு விழுந்ததென்றால் நீளமாக வேர் இருக்கும், இல்லாவிட்டால் உடைந்த முனையாவது இருக்கும். இது அடியில் குழிந்து வெறும் ஓடாக இருக்கிறது. எங்கள் பல் டாக்டரிடம் ஓடிப்போய்க் காட்டினேன். கீழே புதுப்பல் வளர வளர, பால்பல்லின் வேர் கரைந்துகொண்டே வருமாம். பிடிமானம் போனதும் தானாக விழுமாம். சில பிள்ளைகளுக்கு ஐந்திலேயே தொடங்கிவிடுமாம். "இது பல மாசமா கரைஞ்சிருக்கும்மா" என்றார். அங்கேயும் இங்கேயுமாகப் பத்து வருடம் பொய்ப்பல்லோடு மாரடிக்கிறேன், இது எனக்குத் தெரியவில்லையே!

பல்லுக்கு நீ காரணமில்லை. அறைந்தது நீதான். ஆனால் அதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நான் புறப்பட்ட அன்று நீ வண்டி பிடிக்கப் போயிருந்தாய். என் பையைப் பிடித்துக்கொண்டு அவள் விடவே இல்லை. நானும் கன்னத்தில்தான் அறைந்தேன். அன்றும் அவள் அழவில்லை, என்னையே பார்த்தாள். பல் எதுவும் விழாததால் யாருக்கும் தெரியவில்லை. நீ உடனே எழுதிவிட்டாய். நான் இரண்டு வருடமாகச் சொல்லவில்லை.

நாத்தனாரை வர வேண்டாம் என்று எழுதிவிட்டேன். வாலு உன்னிடமே இருக்கட்டும். ஆனால் அவளிடம் மன்னிப்புக் கேள். எனக்கும் சேர்த்துக் கேட்டுவிடாதே. லீவு சொல்லிவிட்டேன், என்னுடையதை நானே வந்து கேட்கிறேன்.

அக்கா