சிவப்புப் பல்லக்கும் என் பொட்டும்

ரங்கூன், 1926 மாசி

ஆத்தாவுக்கு மகள் அம்சவேணி காலில் விழுந்து எழுதுவது. உன் இருமல் குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

அவர் காய்ச்சலில் போனபின் சீனத்தெருவில் ஒரு கடையில் வேலை கிடைத்தது. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் சிவப்புப் பல்லக்கைத் துடைக்க வேண்டும். முன்பெல்லாம் சீனப் பெரிய மனிதர்களும் பல்லக்கில்தான் போவார்களாம். ரிக்‌ஷா வந்தபின் மணப்பெண் மட்டும்தான் ஏறுகிறாள். அதனால் தாலியறுத்தவள் அதைத் தொடக்கூடாதாம். நான் பொட்டு வைத்துக்கொண்டு போகிறேன். கோபிக்காதே ஆத்தா, வேறு யாரும் வேலை தரவில்லை.

நேற்று பல்லக்குக்குள் உட்கார்ந்து துடைக்கும்போது அழுகை வந்துவிட்டது. கடைக்காரச் சீனத்தி பார்த்துவிட்டாள். தொலைந்தேன் என்று நினைத்தேன். அவளோ சிரித்தாள்.

“அழு, அழு. இதில ஏறுற பொண்ணு அழுதாத்தான் நல்லது. உன் புருசன் சுகமா?”

“சுகமா இருக்காக” என்றேன். குனிந்து மறுபடி துடைக்க ஆரம்பித்தேன்.

அண்ணனை அனுப்பி என்னைக் கூட்டிப்போகச் சொல். இனி என்னால் முடியாது. வர நாளாகுமென்றால், கப்பலேறும் நம்மூர் ஆளிடம் கொஞ்சம் குங்குமம் கொடுத்தனுப்பு. அவர் வாங்கித் தந்த சிமிழில் கொஞ்சம்தான் இருக்கிறது. அதைத் தீர்க்க மனம் வரவில்லை.

கடைக்காரி கூப்பிடுகிறாள்.

அம்சவேணி