ரோடு இல்லாத ஊர்

ஜனவரி 11, ஞாயிறு

மகள் ரெனிஷா ஜெர்மனியிலிருந்து கூப்பிட்டாள். மே மாதம் அவளுக்கு ஆஸ்பத்திரியில் லீவு கிடைத்துவிட்டது. "அப்பாக்குக் கண்ணு தெரியும்போதே ஒரு ஊரையாவது காட்டணும்மா. எந்த ஊருன்னு கேளுங்க" என்றாள்.

இவர் யோசிக்கவே இல்லை. "வெனிஸ்" என்றார். முப்பது வருஷம் டூரிஸ்ட் வேன் ஓட்டின மனுஷன். "ரோடே கெடையாதாம், தங்கம். எல்லாம் தண்ணியும் வள்ளமுந்தான். என்னப்போல டிரைவருக்கு அங்க என்ன சோலின்னு பாக்கணும்" என்று சிரித்தார்.

வலது கண் போய் இரண்டு வருஷம். இடது கண்ணில், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல, நடுவில் மட்டும் கொஞ்சம். குளுக்கோமா. போனது திரும்பாது, இருப்பதைப் பிடித்துவைக்கத்தான் சொட்டு மருந்து.

இவர் சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

பிப்ரவரி 6

விசாவுக்குக் கொச்சி போய் வந்தோம். இவருடைய தம்பி எட்சன் காரில் கூட்டிப்போனார். கைரேகை எடுத்த பெண் கேமராவைப் பார்க்கச் சொன்னாள். இவர் அவள் குரல் வந்த பக்கம் பார்த்தார். "இங்க பாருங்க சார்." மறுபடியும் அவளையே. நான் எழுந்து போய் இவர் தலையைப் பிடித்துத் திருப்பி வைத்தேன்.

பிப்ரவரி 21

நாகர்கோவிலில் ஸ்வெட்டர் வாங்கினேன். இவருக்கு நீலம். நிறம் தெரிகிறதா என்று கேட்கப் பயம். தடவிப் பார்த்து, "கொள்ளாம், நல்ல துணி" என்றார்.

ஷூ போட்டு நடந்து பழகச் சொல்லி மகளின் உத்தரவு. சேலைக்கு அடியில் ஷூவோடு அங்கன்வாடி வேலைக்குப் போனேன். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. மே மாதத்துக்கு இப்போதே, சாயங்காலம் பெட்டி அடுக்கினேன். மாங்காய் ஊறுகாய், நேந்திரங்காய் சிப்ஸ், இவருடைய மருந்துகள். கட்டிலில் இருந்தபடி, "கனமுள்ளத அடியில வையிட்டி. வளைவுல சாஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பெட்டி எந்த வளைவில் சாயப்போகிறது!

மார்ச் 4

கண்ணில் பிரஷர் ஏறிவிட்டது. மருந்துக்கு அடங்கவில்லை. உடனே ஆபரேஷன். டாக்டர் ஒளிக்காமல் சொன்னார் — செய்தால் மிச்சம் நின்றாலும் நிற்கும், போனாலும் போகும். செய்யாவிட்டால் எப்படியும் போகும்.

"மே வரைக்கும் தள்ளிப் போடலாமா சார்?" என்று கேட்டார் இவர்.

டாக்டர் வாய் திறக்காமல், முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினார். இவர் காத்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன சொன்னாரு?" என்றார்.

மார்ச் 13

கட்டைப் பிரித்தார்கள். வெளிச்சம் தெரிகிறது, இருட்டு தெரிகிறது. அவ்வளவுதான்.

மார்ச் 20

விசா ஒட்டிய பாஸ்போர்ட் இரண்டும் இன்றைக்கு வந்தது. கர்த்தாவே, இன்றைக்கா?

ஏப்ரல் 6

மீனில் முள் எடுத்து வைத்தால், "நான் என்ன பிள்ளையா?" என்கிறார். எடுக்காவிட்டால் தொண்டையில் குத்துகிறது. சவரம் பண்ண விடுவதில்லை. பழைய டிரைவர்கள் பார்க்க வந்தால் தூங்குவதுபோலப் படுத்துக்கொள்கிறார். நான் எது செய்தாலும் தப்பு.

இன்று நானும் கத்திவிட்டேன். "எனக்குக் கண்ணு இருந்து என்ன? நான் மட்டும் எதக் கண்டேன்? அங்கன்வாடியும் இந்த அடுக்களையுந்தானே!"

சொல்லியிருக்கக் கூடாது. அடுக்களையில் போய் நின்றேன். ஜெபம் வரவில்லை. என்னவென்று கேட்பது? இனி கேட்க என்ன இருக்கிறது?

ஏப்ரல் 23

அங்கன்வாடியிலிருந்து வந்தபோது இவர் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் பெட்டி திறந்து கிடந்தது. ஒவ்வொரு துணியாக எடுத்துக் காலரைத் தடவிப் பார்த்துத் தன்னுடையதை வெளியே வைத்துக்கொண்டிருந்தார். என் சுடிதார்களை மடிப்பு கலையாமல் திரும்ப உள்ளே வைத்தார்.

"எனக்குள்ளத எடுத்தாச்சு. ஒனக்குள்ளது கெடக்கட்டு."

"நிங்க இல்லாம நான் எங்க போவ? பேசாம இருங்க."

"ஏட்டி, நான் ஆளுகளக் கொண்டு எறக்கி விடுகவன். எறங்கிப் போயிப் பாத்தவன் இல்ல. வண்டியில இருந்து எனக்குப் பழக்கம் உண்டு. நீ எறங்கிப் பாத்துட்டு வா."

அந்தச் சட்டைகளை அலமாரியில் வைக்கக் கை வரவில்லை. அப்படியே நாற்காலியில் கிடக்கின்றன.

மே 9

திருவனந்தபுரம் ஏர்போர்ட். எட்சன் வீட்டில் இவரை விட்டுவிட்டு வந்தேன். வாசலில் கையை ஆட்டினார் — நான் நின்ற பக்கம் இல்லை. அந்தப் பக்கம் ஓடிப்போய் நின்றுகொண்டேன்.

என்ன பெண்பிள்ளை நான்? எப்படிக் கிளம்பினேன்?

மே 11, வெனிஸ்

உண்மையிலேயே ரோடு இல்லை. ஜன்னலுக்குக் கீழே தண்ணீர். ரெனிஷா ஒவ்வொன்றாகக் காட்டுகிறாள் — தேவாலயம், பாலம், அரண்மனை. எல்லாம் அழகு. அழகாக இருப்பதுதான் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு இடத்திலும் நின்று இவரைக் கூப்பிடுகிறேன். "இப்பம் எங்க நிக்க?" என்று கேட்கிறார். பாலத்தில் என்கிறேன். தேவாலயத்தின் தங்கப் பூச்சை எப்படிச் சொல்வது? ரெனிஷா அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைக்கிறாள். இவளுக்காவது நான் சிரித்துக் காட்ட வேண்டாமா? முடியவில்லை. திரும்பிப் போய்விடலாம் போலிருக்கிறது.

மே 13

காலையில் போட்டில் புரானோ என்கிற தீவுக்குப் போனோம். மஞ்சள், ஊதா, பச்சை என்று வீட்டுக்கு வீடு ஒரு சாயம். ஜன்னலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா அவர்கள் பாஷையில் என்னிடம் என்னவோ கேட்டாள். "வெயிலு நல்லாருக்கு, காஞ்சிரும்" என்று நான் தமிழில் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். ரெனிஷா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும். வரும்போது போட்டின் முன்பக்கம் நின்றேன். நல்ல காற்று. முடி பறந்தது, கட்டவில்லை.

அறைக்கு வந்து ஷூவைக் கழற்றும்போதுதான் நினைவு வந்தது. காலையிலிருந்து இவரைக் கூப்பிடவே இல்லை. ஒற்றை ஷூவோடு போனைத் தேடி எடுத்தேன்.

எட்சன் போனை எடுத்து இவரிடம் கொடுத்தார்.

"என்னட்டி, இன்னைக்குக் கூப்பிடவே இல்லியே?"

சிக்னல் கிடைக்கவில்லை என்று சொல்ல வாய் வந்தது. "மறந்து போச்சு" என்றேன்.

"மறந்தியா?" என்றார். பிறகு, "அப்பம் ஊரு கொள்ளாம், நல்ல ஊருதான்."